ஷோர்ட்கட்டை பேக்கப் என்று சொல்லாதீர்கள்



நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஸ்டாஃப் ரூமில் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும், பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன கிழமை எங்கள் பாடசாலையில் ஒரு சேருடைய லெப்டொப் செத்துவிட்டது. சும்மா லெப்டொப் இல்லை. பதினான்கு வருடத்து வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள், கொரோனாக் காலத்தில் இரவிரவாக இருந்து செய்த பாட வீடியோக்கள், தரம் 10, 11 பிள்ளைகளின் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள், அவருடைய உம்மா மௌத்தாவதற்கு முதல் எடுத்த ஃபொட்டோக்கள், எல்லாம் அதற்குள்தான். மூன்று நாளாக மனிசன் யாரோடும் கதைக்கவில்லை.

நான்தான் கேட்டேன். "பேக்கப் இருக்கா சேர்?"

"இருக்கு டீச்சர். ஒவ்வொரு தவணையும் முடிய, டெஸ்க்டொப்பில இருக்கிற எல்லாத்தையும் பென்னுக்குப் போட்டுத்தான் வச்சிருக்கன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு பென் ட்ரைவை எடுத்துப் பாடசாலைக் கொம்பியூட்டரில் போட்டோம். அறுபதுக்கு மேல் ஃபோல்டர்கள். பெயர்கள் எல்லாம் ஒழுங்காக, வருடம் போட்டு, தவணை போட்டு இருக்கின்றன. சேருக்கு முகத்தில் உயிர் வந்தது. முதலாவதைத் திறந்தார். திறக்கவில்லை. இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. பிறகுதான் நான் கவனித்தேன். ஒவ்வொரு ஐகனின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி. அளவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 1 கேபி, 2 கேபி.

சேருடைய ஃபைல்கள் எல்லாம் 'டி' ட்ரைவில் இருந்திருக்கின்றன. டெஸ்க்டொப்பில் இருந்தவை கடைக்காரத் தம்பி வசதிக்காகப் போட்டுக்கொடுத்த ஷோர்ட்கட்கள். இத்தனை வருடமும் சேர் கொப்பி பண்ணியது வீட்டை அல்ல, வீட்டுக்கு வழிகாட்டும் பலகையை. இப்போது வீடு இல்லை. பலகை மட்டும் புதுசு போல இருக்கிறது.

இதில் எனக்கு அதிகமாக வலித்தது வேறொன்று. சேர் அந்தப் பென் ட்ரைவைச் சோதித்தும் பார்த்திருக்கிறார். வீட்டில் போட்டுத் திறந்தாராம், திறந்ததாம். திறக்காமல் என்ன செய்யும்? அதே லெப்டொப்பில்தானே போட்டுப் பார்த்திருக்கிறார்!

(அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரை மட்டும் போடாதீங்க" என்றார்.)

இனி என் கோபத்துக்கு வருகிறேன். கோபம் சேர் மேல் இல்லை. அவர் தன்னால் ஏலுமான அளவுக்கு முயற்சி செய்தவர். கோபம், அவரைச் சுற்றி நின்று "நஸீப் சேர், இனி என்ன செய்ற" என்று சொன்ன நம் எல்லோர் மேலும்தான்.

என்ன நஸீப்? ஹார்ட் டிஸ்க் என்பது சுழலுகிற தட்டு. தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிப்பை விட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில், ஒரு முனை மிதந்துகொண்டு படிக்கிறது, எழுதுகிறது. ஒருநாள் அந்த முனை தட்டில் உரசும். டிக் டிக் என்று சத்தம் வரும். அதோடு சரி. புது லெப்டொப்புகளில் வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலுகிற தட்டு இல்லை, சத்தமும் இல்லை. அது சொல்லாமலே போகும். இது நடக்குமா நடக்காதா என்பது கேள்வியே இல்லை, எப்போது என்பதுதான். பொருள் பழுதாவது கத்ர் என்றால் ஆமன்னா. ஆனால் பதினான்கு வருட உழைப்பை ஒரே தட்டில் வைத்தது நம்முடைய கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் நாம்தான்.

"ஐ.சி.ரி. சேர்தான் இதெல்லாம் பார்க்கணும்" என்று ஒரு டீச்சர் சொன்னார். ஏன்? வீட்டுக் கதவைப் பூட்டுவதற்குத் தச்சனைக் கூப்பிடுகிறோமா? நானும் ஐ.சி.ரி. டீச்சர் இல்லை. தமிழ் படிப்பிக்கிறவள். மவுஸைப் பிடிக்கவே முப்பது வயதுக்குப் பிறகுதான் பழகினேன். இது தொழில்நுட்பம் இல்லை, பழக்கம்.

எனக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்தது கொம்பியூட்டர் இல்லை, கடல்.

எங்கள் வீடு கல்முனைக் கரையோரம். 2001இல் எங்கள் கல்யாணம். அல்பம் எங்கள் அலுமாரியில். நெகடிவ் ஃபொட்டோ எடுத்த ஸ்டூடியோவில். உம்மா வீட்டில் இன்னொரு சின்ன அல்பம், இரண்டு தெரு தள்ளி. பார்த்தால் மூன்று பிரதி. 2004 டிசம்பர் 26 காலையில் மூன்றும் ஒரே தண்ணீரில் போயின. போன உயிர்களுக்கு முன்னால் ஃபொட்டோ ஒரு கணக்கே இல்லை, அந்த நேரம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து, என் வாப்பாவின் முகம் இருக்கிற ஒரு ஃபொட்டோகூட எங்களிடம் இல்லை என்று தெரிந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அக்குறணையில் கல்யாணம் முடித்துப் போன என் சாச்சி, அவ அல்பத்தில் இருந்து பதினொரு ஃபொட்டோவைக் கழற்றிக் கடித உறையில் போட்டு அனுப்பினா. இன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற வாப்பா, அந்த உறைக்குள் வந்த வாப்பாதான்.

பீட்டர் க்ரோ என்று அமெரிக்காவில் ஒரு ஃபொட்டோக் கலைஞர். 2005இல் டிஜிட்டல் ஃபொட்டோக்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 3-2-1 என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கைப் பரப்பியவர் அவர்தான். மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். என் சாச்சிக்கு அவரைத் தெரியாது. ஆனால் அந்தக் கடைசி 'ஒன்று' என் சாச்சிதான்.

இதைச் சொன்னால் உங்களிடம் ஆயத்தமாக இருக்கிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"நான் 'சி'யில வைக்கிறல்ல டீச்சர், 'டி' ட்ரைவிலதான் வச்சிருக்கன்." நம்மில் அநேகரின் லெப்டொப்பில் 'சி'யும் 'டி'யும் ஒரே டிஸ்க். ஒரு அறைக்கு நடுவில் பலகை அடித்து இரண்டு அறை ஆக்கியது மாதிரி. கூரை விழுந்தால் இரண்டு அறைக்கும் சேர்த்துத்தான் விழும். விண்டோஸை மாற்றிப் போடும்போது 'டி' தப்பும், உண்மை. டிஸ்க்கே செத்தால் தப்பாது.

"வட்ஸ்அப் குரூப்பில போட்டிருக்கு." போட்டிருக்கலாம். போனை மாற்றிவிட்டு, போன வருடம் வந்த பி.டி.எஃப்.ஐத் தட்டிப் பாருங்கள். திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கும். அனுப்பியவரும் போன் மாற்றியிருப்பார். வட்ஸ்அப் தபால்காரன். பெட்டகம் இல்லை.

"கூகுள் ட்ரைவில இருக்கு." இந்தப் பதில்தான் கொஞ்சம் பரவாயில்லை, அதனாலேயே ஆபத்தானது. கொம்பியூட்டர் ஃபோல்டரையும் கூகுள் ட்ரைவையும் இணைத்து வைத்தால் நடப்பது ஒத்திசைவு. இங்கே செய்வது அங்கேயும் நடக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். எங்கள் வீட்டில் மகள் போனில் இடம் இல்லை என்று ஒரு ஃபோல்டரைத் தூக்கி எறிந்தாள். என் லெப்டொப்பில் தரம் 9 செயலட்டைகள் முழுவதும் காணாமல் போயின. கூகுள் ட்ரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். நான் பார்த்தது பத்தாம் நாள், தப்பியது. ஓகஸ்ட் விடுமுறையில் நடந்திருந்தால் பாடசாலை தொடங்கித்தான் தேடியிருப்பேன். இலவசமாகத் தருவது 15 ஜீபி, அதற்குள்தான் ஜிமெயிலும் ஃபொட்டோவும். நிரம்பினால் மடல் வருவதே நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கை அழிக்கவும் கூகுளுக்கு விதி இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்துபோன பழைய ஜிமெயிலில் பிள்ளைகளின் ஃபொட்டோவை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கூகுள் ட்ரைவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் பாவிக்கிறேன். அது ஒரு பிரதி. ஒரே பிரதியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெரிய இடங்களுக்கு இது தெரியும் என்று நினைக்காதீர்கள். 2023 ஓகஸ்டில் நம் நாட்டு அரசாங்கத்தின் லங்கா அரச முகில் சேவையை ரன்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள். சேவையைத் திருப்பி இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த, போன மடல்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. தினமும் இணையத்தோடு தொடர்பில்லாத பேக்கப் எடுக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு நாட்டின் மூன்று மாதக் கடிதங்கள்!

கொரியா இன்னும் மோசம். 2025 செப்டெம்பர் 26, டேஜொன் நகரத்தில் அரசாங்கத் தரவு நிலையத்தில் பற்றரி தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் ஃபைல் வைக்கிற 'ஜி ட்ரைவ்' எரிந்து போனது. 858 டெராபைட். அளவு பெரிது, வெளியே பேக்கப் எடுக்க ஏலாது என்று விட்டிருந்தார்களாம். அதைவிடக் கொடுமை, சொந்தக் கொம்பியூட்டரில் வைக்காதீர்கள், இதில் வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னதும் அரசாங்கம்தான். சொன்னதைக் கேட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

ஆகவே "மேலிடம் பார்த்துக்கொள்ளும்" என்று இருக்காதீர்கள். நம் மேலிடமும் அப்படித்தான். புள்ளிப் பட்டியல் சொஃப்ட் கொப்பியில் வேண்டும், நாளைக்கே வேண்டும் என்று கேட்பார்கள். அனுப்புவோம். அடுத்த தவணை அதையே திரும்பக் கேட்பார்கள், "உங்ககிட்ட இருக்கும்தானே மிஸ்" என்று. யாரிடமும் இல்லை, எல்லோரும் இன்னொருவரிடம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளின் புள்ளி நம்முடைய சொந்தச் சொத்து இல்லை, அமானிதம். என் கல்யாண ஃபொட்டோ போனால் அது என்னோடு முடியும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் கணிப்பீட்டுப் புள்ளி போனால்? அந்தச் சேர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? இடைவேளையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பழைய விடைத்தாள், கொப்பி எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லித் திரும்பப் பதிந்துகொண்டிருக்கிறார். அவர்கள் கொண்டு வருகிறார்கள். கொப்பியைத் தொலைத்த பிள்ளைகள் வாயால் சொல்கிறார்கள். சேர் நம்பி எழுதுகிறார். வேறு வழி?

அடுத்து, சொல்லக் கூச்சமான ஒன்று. நம்மில் எத்தனை பேரின் லெப்டொப்பில் விண்டோஸ், ஒஃபிஸ் எல்லாம் கிரக் போட்டது? கையைத் தூக்க வேண்டாம். 'ஸ்டொப்' என்று ஒரு ரன்சம்வெயார் குடும்பம் இருக்கிறது. அது பெரும்பாலும் வருவதே இந்தக் கிரக், கீஜென் வழியாகத்தான். ஃபைல் எல்லாம் பூட்டிவிட்டு ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகும். பல காலம் அது கேட்டது 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பாதி விலை. பெருநாள் சேல் மாதிரி. அந்த நேரம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் குத்தியபடியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். ஆகவே கொப்பி எடுத்தவுடன் கழற்றுங்கள். எப்போதும் குத்தியிருக்கிற டிஸ்க் பேக்கப் இல்லை, லெப்டொப்பின் இன்னொரு கை.

பெண்கள் சொல்கிற ஒரு காரணம் இருக்கிறது. இதை நான் பகிடி பண்ண மாட்டேன். "எங்கட ஃபொட்டோக்களை நெட்டில போட ஏலாது டீச்சர்." நியாயம். போட வேண்டாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வையுங்கள். அதிலும் பயம் என்றால் செவன் ஸிப் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபோல்டரை பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாம். பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி அலுமாரியில் வையுங்கள், மறந்தால் நீங்களும் திறக்க ஏலாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பேக்கப் இல்லாதவர் என்ன செய்கிறார்? லெப்டொப் செத்ததும் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் கொடுத்து, "தம்பி, உள்ளுக்க இருக்கிறதை எப்படியாவது எடுத்துத் தாங்க" என்று மன்றாடுகிறார். எந்த ஃபொட்டோவை யாரும் பார்க்கக் கூடாது என்று நெட்டில் போடாமல் இருந்தாரோ, அதை எடுத்துத் தரச் சொல்லித்தான் காசு கொடுக்கிறார். பிரதி கையில் இருக்கிற பெண், அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெறும் லெப்டொப்பைக் கொடுப்பாள்.

காசு. ஆசிரியர் சம்பளத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குவது லேசில்லை, எனக்குத் தெரியும், நானும் அதே சம்பளம்தான். ஆனால் முதலில் அளந்து பாருங்கள். இருபது வருடத்தில் நான் எழுதிய வினாத்தாள், குறிப்பு, புள்ளிப் பட்டியல் எல்லாம் சேர்ந்து 3 ஜீபி இல்லை. இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்குள் ஐந்து தடவை வைக்கலாம். இடத்தைப் பிடிப்பது வீடியோவும், "குட் மோர்னிங்" படங்களும்தான். சேருடைய டிஸ்க்கைப் பார்த்த கொழும்புக் கடை கேட்ட காசு, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. கிடைக்கும் என்ற உறுதியும் தரவில்லை.

எழுத்துரு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தமிழ் டீச்சர் என்று சொல்ல எனக்கு வெட்கம். நம் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி வரும். ஃபைல் பத்திரமாக இருக்கும், தமிழ் இருக்காது. பாமினி எழுத்துருவையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முக்கியமானதை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தருகிற பக்கங்கள் இணையத்தில் இலவசம். பேஜ்மேக்கரில் செய்த மலர்களை பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். எங்கள் பாடசாலையின் ஒரு மீலாத் மலரை இன்றைக்குத் திறக்க ஆளும் இல்லை, மென்பொருளும் இல்லை.

நான் செய்வது இதுதான். வியாழன் பின்னேரம், அஸருக்குப் பிறகு, அந்தக் கிழமை செய்த ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போடுவேன், கழற்றுவேன். அது அலுமாரியில். சின்ன ஃபைல்கள் கூகுளிலும் இருக்கின்றன. தவணைக்கு ஒருக்கா எல்லாவற்றையும் இன்னொரு பழைய டிஸ்க்கில் போட்டு அக்குறணைக்கு அனுப்புவேன். ஆமாம், சாச்சி வீட்டுக்குத்தான். பஸ்ஸில் போகிற யாராவது கொண்டு போவார்கள். சாச்சிக்கு அது என்னவென்று தெரியாது, "உன்ட கறுப்புப் பெட்டி" என்பா. பென் ட்ரைவை ஃபைல் கொண்டு போக மட்டும்தான் பாவிக்கிறேன். லாச்சியில் வருடக்கணக்காகப் போட்டு வைத்தால் அதில் இருப்பது தானாகவே மங்கும் என்பது பலருக்குத் தெரியாது.

பிறகு, தவணைக்கு ஒருக்கா, பாடசாலைக் கொம்பியூட்டரில் அந்த டிஸ்க்கைப் போட்டு ஏதாவது ஐந்து ஃபைலைத் திறந்து பார்ப்பேன். வேறு கொம்பியூட்டரில். சேர் கவனிக்க.

மார்ச் 31 உலக பேக்கப் நாளாம். நமக்கு அது ஞாபகம் வராது. 2022இல் அதே நாட்களில் நமக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எத்தனை வீட்டில், எத்தனை கொம்பியூட்டர் அந்தக் காலத்தில் இடையில் அணைந்து அணைந்து போனதென்று ரிப்பேர்க் கடைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த வியாழன் ஏழாம் பாடத்துக்குப் பிறகு கொம்பியூட்டர் அறை திறந்திருக்கும். அதிபரிடம் கேட்டுவிட்டேன். ஐ.சி.ரி. சேரும் நிற்பார். டிஸ்க் இருக்கிறவர்கள் டிஸ்க், இல்லாதவர்கள் பென் ட்ரைவ் கொண்டு வாருங்கள், கூகுளில் போடுவதையும் காட்டித் தருகிறோம். டீச்சர்மாருக்கு அந்தப் பக்கத்து இரண்டு கொம்பியூட்டர், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நம்ம சேரும் வருவார், முதல் ஆளாக.

ஐகன் மூலையில் அம்புக்குறி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.